ஒவ்வொரு அடிக்கும் கரெக்‌ஷன் சொல்லணுமா? பேட்மிண்டன் பசங்களைப் பழக்குறவங்க பேசலாம்

மடிப்பாக்கம்_கோச் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். 9 வயசுலேர்ந்து 14 வரைக்கும் இருக்கிற ஒரு பேட்ச்சுக்கு சாயங்காலத்துல ஷட்டில் சொல்லித் தர்றேன். வாடகை இண்டோர் கோர்ட். ரொம்ப நாளா மனசுல ஓடிட்டிருக்கிற ஒண்ணை இங்க கேட்கணும்.

பேக்ஹேண்ட் லோ சர்வ் (நெட்டை ஒட்டித் தாழ்வாப் போடுற சர்வ்) எடுத்துக்கோங்க. நான் பக்கத்துல நின்னு "ரிஸ்ட் உடையுது", "ராக்கெட் முகம் திறந்திருக்கு", "இது ஓகே", "இது உயரம்"னு ஒவ்வொரு ஷட்டிலுக்கும் சொல்லிட்டே வந்தா, கொஞ்ச நேரத்துல சர்வ் நெட்டை உரசுற மாதிரி போகுது. பார்க்கவே சந்தோஷமா இருக்கும். அடுத்த கிளாஸுக்கு வந்தா பழையபடி மிதக்குது. மேட்ச்ல இன்னும் மோசம். ஒவ்வொரு பாயிண்ட் முடிஞ்சதும் திரும்பி என் நாற்காலியைப் பார்க்கிறாங்க. ஷட்டில் ஆட்டத்துல இருக்கும்போது நான் வாயைத் திறக்கக் கூடாது. இடைவேளைன்னா 11 பாயிண்ட்ல 60 செகண்ட், ரெண்டு கேமுக்கு நடுவுல 120 செகண்ட். அதுக்குள்ள எதைச் சொல்றது, எதை விடுறது?

ஃபீட்பேக் எவ்வளவு, எப்போ, எந்த வார்த்தையில சொன்னா அது குழந்தையோட கையிலேயே தங்கும்? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க. ஷட்டில்தான்னு இல்ல, உடம்பால கத்துக்கிற எதைச் சொல்லித் தர்றவங்களும் வரலாம்.

---

திருச்சி_பிஇடி

மேடம், அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் மாதம் சொல்லித்தான் ஆக வேண்டும். ஃப்ரையிங் பேன் பிடிப்பில், அதாவது வாணலியைப் பிடிப்பதுபோல், ராக்கெட்டைப் பிடிக்கும் பையனை "தானாகக் கண்டுபிடிப்பான்" என்று விட்டால், அவன் அந்தப் பிடிப்பிலேயே ஸ்மாஷ் வரை போய்விடுவான். பிறகு அதை மாற்றுவதற்குள் நமக்கும் அவனுக்கும் உயிர் போய்விடும். படர ஆரம்பிக்கும் கொடிக்குக் கொம்பு நட்டே தீர வேண்டும்.

பேசாமல் நிற்பதுதான் நவீன முறை என்று இப்போது சில இடங்களில் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு பீரியடில் ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு ஒரு திருத்தம் கிடைப்பதே பெரிது என்பது தெரியும்.

---

ஈரோடு_பிசியோ

பக்கவாதம் வந்தவங்களுக்குக் கை அசைவு திரும்பக் கொண்டு வர்ற வேலையில இருக்கேன். விளையாட்டுத் துறை இல்ல. ஆனா மேடம் சொன்னது அச்சு அசலா எங்க வார்டுல நடக்கிற விஷயம். பக்கத்துல நின்னு சொல்லிட்டே இருந்தா டம்ளரை எடுப்பாங்க, வீட்டுக்குப் போனா கை போகாது.

இதுக்கு ஆராய்ச்சியில ஒரு பழைய வரலாறு உண்டு. 1984-ல சால்மோனி, ஷ்மிட், வால்டர்னு மூணு பேர் அதுவரைக்கும் வந்த சோதனைகளை எல்லாம் திரும்பப் படிச்சு ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க சொன்னதோட சாரம்: கூடக்கூடச் சொல்ற ஃபீட்பேக் அந்த நேரத்து ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தும். ஆனா கத்துக்கிறவர் அதையே பிடிமானமா வெச்சுக்குவார். எடுத்துட்டா விழுந்துடுவார். அதனால ஃபீட்பேக் கொடுக்கும்போது ஆட்டம் எப்படி இருக்குன்னு பார்த்து அளக்கக் கூடாது, எதுவும் சொல்லாம ஒரு நாள் கழிச்சுச் சோதிச்சுப் பார்க்கணும்.

1990-ல கேரலி வின்ஸ்டீன் ஷ்மிட்டோட சேர்ந்து ஒரு சோதனை செஞ்சாங்க (அவங்களும் பிசியோதான், அதனால எங்களுக்கு நெருக்கம்). ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட மாதிரி ஏற்றி இறக்கி அசைக்கணும். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவைச் சொன்னாங்க. இன்னொரு குழுவுக்குப் பாதிக்குத்தான். அதுவும் ஆரம்பத்துல நிறைய, போகப்போகக் குறைவு. பயிற்சி நடக்கும்போது ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியலை. அடுத்த நாள் ஒண்ணுமே சொல்லாமச் சோதிச்சப்போ, பாதி கேட்ட குழு நல்லா செஞ்சது.

மேடம் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பத்து நிமிஷ முடிவுல சர்வ் எப்படிப் போகுதுங்கிறதை நம்பாதீங்க. அடுத்த கிளாஸ்ல, வார்ம்-அப் முடிஞ்சதும், ஒரு வார்த்தை பேசாம பத்து சர்வ் போடச் சொல்லுங்க. நேத்து நீங்க கொடுத்த ஃபீட்பேக்குக்கு மார்க் அங்கதான்.

கையைப் பிடிச்சுச் செய்ய வைக்கிறதும் இதே கணக்குல வரும். குழந்தையோட ரிஸ்ட்டைப் பிடிச்சு நாமே ஆட்டினா அசைவு அழகா வரும், ஆனா அந்த அசைவைச் செய்றது நாமதான். என்ன அசைவுன்னு புரிய வைக்க ஒண்ணு ரெண்டு தடவை போதும்.

---

அம்பத்தூர்_அப்பா

என் பொண்ணு ஒரு அகாடமியில ஆடுறா. பெற்றவங்க பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்லலாமா? கோச் சும்மா நின்னு பார்த்துட்டிருந்தா, நம்ம பிள்ளையைக் கவனிக்கலையோன்னுதான் முதல்ல தோணும். பக்கத்துக் கோர்ட்ல ஒருத்தர் தொண்டை கிழியக் கத்திட்டிருப்பார், அவர்தான் உழைக்கிற மாதிரி தெரியும். இந்த விஷயம் எல்லாம் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

---

மடிப்பாக்கம்_கோச்

அம்பத்தூர் சார், நீங்க மனசுவிட்டுச் சொன்னதுக்கு நன்றி. பேட்ச் ஆரம்பிக்கும்போதே பெற்றவங்களைக் கூப்பிட்டு இதைப் பேசணும்னு இப்போ தோணுது.

பிசியோ சார், அந்தப் பத்து சர்வ் யோசனையை எடுத்துக்கிறேன். ஆனா ஒரு சந்தேகம். பாதிக்குத்தான் சொல்லணும்னா, எந்தப் பாதி?

---

கோவை_ஷட்லர்

எந்தப் பாதின்னு எண்ணிக்கை வெச்சு யோசிக்க வேண்டாம் மேடம். குழந்தைக்கே தெரியிற விஷயத்தைச் சொல்லாதீங்க, அதுலயே முக்கால்வாசி பேச்சு குறைஞ்சிடும்.

லோ சர்வ் நெட்டுல விழுந்தா, குழந்தைக்குக் கண்ணு இருக்கு, தெரியும். "நெட்டு!"ன்னு நாம சொல்ற ஒவ்வொரு தடவையும் அது காதுல விழுற வெறும் சத்தம். ஆனா உயரமாப் போற சர்வ் அப்படி இல்ல. எதிர்ல ஆள் இல்லாமப் பழகும்போது, ஒரு சாண் உயரத்துல போனதும் நாலு விரல் உயரத்துல போனதும் சர்வ் போடுற இடத்துலேர்ந்து பார்த்தா கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனாலதான் அவங்க உங்க முகத்தைப் பார்க்கிறாங்க.

நான் செய்றது: ரெண்டு போஸ்ட்டுலயும் நெட் டேப்புக்கு (நெட்டோட மேல் விளிம்புப் பட்டைக்கு) மேல ஒரு சாண் உயரத்துல எலாஸ்டிக் கயிறு கட்டிடுவேன். போஸ்ட்ல ஒரு குச்சியை டேப் போட்டு ஒட்டினா போதும். டேப்புக்கும் கயிறுக்கும் நடுவுல ஷட்டில் போகணும், ஷார்ட் சர்வீஸ் லைனைத் தாண்டி விழணும். அவ்வளவுதான் வேலை. கயிறு ஆடினா, இல்ல அதுக்கு மேல போனா உயரம். நெட் ஆடினா குறைவு. ரெண்டும் ஆடாம நடுவுல போனா சரி. இதுல நான் சொல்ல என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல. முடிவைக் கயிறு சொல்லிடும், என் வாயைக் குழந்தையால பார்க்க முடியாத விஷயத்துக்கு மிச்சம் வெச்சுக்கலாம்.

பார்க்க முடியாதது எதுன்னா: சர்வ்ல ராக்கெட் முகம் ஷட்டிலைத் தொடுற கணத்துல எந்தப் பக்கம் பார்க்குது, கட்டைவிரல் கைப்பிடியோட பட்டையான பக்கத்துல படிஞ்சிருக்கா இல்ல மூலையில ஏறிடுச்சா. ஓவர்ஹெட் கிளியர்ல (தலைக்கு மேலேர்ந்து எதிராளியோட பின்கோடு வரைக்கும் உயரமா அடிக்கிறது) எல்போ எப்போ இறங்குது. இதெல்லாம் அவங்க கண்ணுக்குப் பின்னாடி, இல்ல கண் இமைக்கிற நேரத்துல நடக்குது. இதுக்குத்தான் கோச் வேணும்.

அதுலயும் ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு. ஒரு பையன் கிளியர் அடிக்கும்போது பாருங்க: கால் பின்னாடி போறது லேட், உடம்பு திரும்பலை, இடது கை தொங்குது, எல்போ இறங்கியிருக்கு, ஷட்டிலைத் தலைக்குப் பின்னாடி பிடிக்கிறான். அஞ்சையும் சொன்னா அடுத்த ஷட்டில்ல அஞ்சும் கெடும். அஞ்சுல எது மத்ததை இழுக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் நம்ம தொழில். பெரும்பாலும் அது கால். கால் நேரத்துக்குப் பின்னாடி போனா ஷட்டில் தலைக்கு முன்னாடி வந்துடும், முன்னாடி வந்தா எல்போ தானா ஏறும். எல்போவைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்.

இன்னொண்ணு, சத்தம். ராக்கெட் நடுவுல பட்டா ஒரு "டப்". ஃப்ரேம்கிட்ட பட்டா சொத்தையா ஒரு சத்தம். "இப்போ எங்க பட்டுச்சு?"ன்னு கேட்டுப் பழக்கினா, கொஞ்ச நாள்ல அவங்களே அடிச்ச உடனே "சார், ஃப்ரேம்"னு சொல்வாங்க. மேட்ச்ல அந்தக் காது கூடவே போகும், நம்மால போக முடியாது.

---

யாழ்_வலைப்பந்து

வணக்கம் எல்லாருக்கும். நான் யாழ்ப்பாணத்தில பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு வலைப்பந்தாட்டம் பழக்குறன். கோவை அண்ணா கடைசியாச் சொன்ன கேள்வி கேக்கிற விசயம் எங்களுக்கும் சரியாப் பொருந்தும்.

எங்கட கோல் கம்பத்தில பின் பலகை இல்லை. 3.05 மீற்றர் உயரத்தில ஒரு வளையம் மட்டும்தான். பந்து வளையத்தில பட்டு எந்தப் பக்கம் தெறிக்குது எண்டதிலயே எல்லாத் தகவலும் இருக்கு. முன்னுக்குப் பட்டால் பலம் காணாது, இல்லாட்டி வளைவு காணாது. பிள்ளை எறிஞ்சதும் நான் உடன கதைக்கிறதில்லை. பந்தை எடுத்துக்கொண்டு திரும்பி வாற நேரம் அவளுக்குரிய நேரம். வந்து நிண்டதும் "என்ன நடந்தது?" எண்டு கேப்பன். "மிஸ், முழங்கால் மடிக்கேல்லை" எண்டு அவளே சொன்னால், "சரி, எறி" எண்டுவன். பிழையாச் சொன்னால்தான் நான் கண்டதைச் சொல்லுறன்.

தர்ஜினி சிவலிங்கம் எங்கட மண்ணில இருந்து போய் இலங்கை அணிக்கு விளையாடினவ எண்டதால, இங்க பிள்ளையள் எல்லாருக்கும் கோல் ஷூட்டரா வர ஆசை. அவவின்ர உயரம் எங்கட பிள்ளையளுக்கு இல்லை. அப்ப அவையளுக்கு வளைவுதான் கை கொடுக்கும். "முழங்கையை நீட்டு, விரலை முறி" எண்டு உடம்பைப் பற்றிச் சொல்லுறதைவிட, "பந்து வளையத்துக்கு மேலால வந்து உள்ளுக்கை விழவேணும்" எண்டு சொன்னால் கெதியாப் பிடிக்கினம்.

---

ஈரோடு_பிசியோ

யாழ் மேடம் சொன்ன ரெண்டுக்கும் ஆராய்ச்சி இருக்கு.

முதலாவது, உடனே பேசாம இருக்கிறது. 1990-ல ஸ்வின்னனும் கூட இருந்தவங்களும் பார்த்தது: அசைவு முடிஞ்ச கணத்துலயே முடிவைச் சொன்னவங்களைவிட, சில விநாடி கழிச்சுச் சொன்னவங்க பின்னாடி நல்லா செஞ்சாங்க. அந்த இடைவெளியில "எவ்வளவு தப்பியிருக்கும்?"னு அவங்களையே மதிப்பிடச் சொன்னது இன்னும் நல்லது. அசைவோட உணர்வு தசையில இருக்கும்போதே நாம பேசினா, அதைக் கவனிக்க விடாமப் பண்ணிடுறோம்.

மல்டி ஷட்டில் டிரில்ல இது அப்பட்டமாத் தெரியும். கோச் ஒரு டப்பா ஷட்டிலை மடமடன்னு போடுவார், கூடவே கத்துவார். குழந்தைக்கு ஒரு அடியையும் யோசிக்க நேரம் இல்ல. ஸ்டாமினாவுக்கு சரி. டெக்னிக் மாத்தணும்னா அஞ்சாறு ஷட்டிலுக்கு ஒரு தடவை நிறுத்தணும்.

ரெண்டாவது, கவனம் எங்க. காப்ரியேலா வுல்ஃப் குழு 1998-ல வெளியிட்ட சோதனை: பனிச்சறுக்கு அசைவைப் பழகுற ஒரு இயந்திரம், கீழ சக்கரம் வெச்ச மேடை. ஒரு குழுவுக்கு "வெளிப்பக்கக் காலால அழுத்துங்க"ன்னாங்க. இன்னொரு குழுவுக்கு "வெளிப்பக்கச் சக்கரத்தை அழுத்துங்க"ன்னாங்க. கால் அந்தச் சக்கரத்து மேலதான் இருக்கு! ஆனாலும் சக்கரத்தை நினைச்சவங்க நல்லா கத்துக்கிட்டாங்க. "ரிஸ்ட்டை உடைக்காதே"ங்கிறதுக்குப் பதிலா "ராக்கெட்டால ஷட்டிலை முன்னாடி தள்ளு"ன்னு சொல்றது இந்த வகை.

---

திருச்சி_பிஇடி

பிசியோ சார், மரியாதையோடு கேட்கிறேன். நீங்கள் சொல்லும் சோதனைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள்தானே? நெம்புகோலை அசைப்பதும் பத்து வயதுப் பெண் குழந்தை ஜம்ப் ஸ்மாஷ் பழகுவதும் ஒன்றா? பெரியவர்களுக்குப் பொருந்துவது பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று எதை வைத்துச் சொல்வது?

---

ஈரோடு_பிசியோ

மாஸ்டர், நீங்க கேட்டது ரொம்ப முக்கியமான கேள்வி. பதில் உங்க பக்கம்தான் சாயுது.

2008-ல கேத்ரீன் சல்லிவன் குழு 8 முதல் 14 வயசு வரை இருக்கிற பிள்ளைகளையும் இளம் பெரியவர்களையும் ஒரே கை அசைவுல ஒப்பிட்டாங்க. ஒரு பாதிக்கு ஒவ்வொரு முயற்சிக்கும் ஃபீட்பேக், இன்னொரு பாதிக்கு 62 சதவீத முயற்சிகளுக்கு மட்டும், படிப்படியாக் குறைச்சு. பெரியவங்க குறைவாக் கேட்டப்போ நிலையா செஞ்சாங்க. பிள்ளைகளுக்கு நேர்மாறு: குறைவாக் கேட்ட பிள்ளைகள் அடுத்த சோதனையில பின்தங்கினாங்க. மேடத்தோட பேட்ச் வயசும் கிட்டத்தட்ட அதேதான். அதனால பிள்ளைகளுக்குக் குறைக்கிறதை நிதானமா, நீண்ட காலத்துக்குப் பரப்பிச் செய்யணும்.

இன்னொண்ணையும் மறைக்காமச் சொல்லிடுறேன். இந்தத் துறையில பல சோதனைகள்ல ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைவு. சமீப வருஷங்கள்ல பிராட் மெக்கேயும் கூட இருக்கிறவங்களும் இவற்றை எல்லாம் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாங்க. ஃபீட்பேக்கைக் கத்துக்கிறவரே கேட்டு வாங்குறது நல்லதுன்னு ஒரு கருத்து ரொம்ப நாளா பாடப்புத்தகத்துல இருக்கு. 2022-ல அவங்க பார்த்தப்போ, சாதகமான முடிவுகள் மட்டுமே அச்சாகிற சாய்வைக் கழிச்சுட்டா அந்தப் பலன் கிட்டத்தட்ட காணாமப் போகுது. நான் மேல சொன்ன சக்கரக் கதைக்கும் 2024-ல இதே மாதிரி கேள்வி எழுந்திருக்கு. அதுக்காக எல்லாத்தையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனா "ஆராய்ச்சி சொல்லிடுச்சு, அதனால இப்படித்தான்"னு யாரும் ஒரு கோச்சை அடக்க முடியாது. உங்க பேட்ச்ல ஒரு வாரம் கழிச்சுப் பேசாமச் சோதிச்சுப் பாருங்க, அது எந்தக் கட்டுரையையும்விட உங்க பிள்ளைகளைப் பத்தி நல்லாச் சொல்லும்.

---

திருச்சி_பிஇடி

நேர்மையான பதில். நன்றி சார். அப்படியானால் நான் சொல்வது இது: பிடிப்பு, நிற்கும் நிலை போன்ற அடிப்படைகளை முதல் சில வாரங்கள் விடாமல் சொல்ல வேண்டும். அவை படிந்த பிறகு குறைத்துக்கொண்டே வரலாம். வாயை மூடிக்கொண்டே தொடங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

கோவை தம்பி சொன்ன கயிறு அருமை. அறுபது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கயிறும் சுண்ணாம்புக் கோடும்தான் துணை ஆசிரியர்கள். நாங்கள் லாங் ஜம்ப்பில் டேக்-ஆஃப் பலகைக்கு முன்னால் மண்ணைச் சமன் செய்து வைப்போம். கால் எங்கே பதிந்தது என்று ஓடி வந்த பிள்ளையே போய்ப் பார்த்துக்கொள்ளும்.

---

மயிலாப்பூர்_நாட்டியம்

வேறு துறையிலிருந்து ஒரு வரி. பரதநாட்டிய வகுப்பில் கண்ணாடி உண்டு. கண்ணாடியைப் பார்த்து ஆடும்போது எல்லாருக்கும் அரைமண்டி (முட்டியை மடித்துப் பாதி அமர்ந்த நிலை) நன்றாக இருக்கும். மேடையில் கண்ணாடி கிடையாது, முட்டி நிமிர்ந்துவிடும். அதனால் அடவு (அடிப்படை ஆட்ட அசைவு) பிடிபட்டதும் கண்ணாடிக்கு முதுகு காட்டி ஆட வைப்பேன். ஒரு சுற்று முடிந்ததும் "அரைமண்டி எங்கே எழுந்தது?" என்று கேட்பேன். எந்த அடவில், எந்த அட்சரத்தில் என்று தொடையே சொல்லிவிடும் என்பது அவர்களுக்குப் புரிய ஆரம்பிக்கும்.

---

அம்பத்தூர்_அப்பா

பாராட்டு பத்தி யாரும் பேசலையே? "சூப்பர், சூப்பர்"னு சொல்லிட்டே இருக்கிற கோச் நல்லவரா?

---

கோவை_ஷட்லர்

அம்பத்தூர் அண்ணே, ஜான் வுடன்னு ஒரு கூடைப்பந்து கோச், கலிஃபோர்னியாவுல யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணி. 1975-ல அவர் ஓய்வு பெற்றப்போ பத்தாவது தேசியப் பட்டத்தோட போனார். அந்தக் கடைசி சீசன்ல காலிமோர், தார்ப்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 15 பயிற்சி நேரம் உட்கார்ந்து அவர் பேசினதை எல்லாம் குறிச்சாங்க. 2,326 குறிப்பு. அதுல பாராட்டு 7 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. திட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. முக்கால்வாசி வெறும் தகவல்: எதைச் செய், எப்படிச் செய், எப்போ செய். நீளமான அறிவுரை கிடையாது, சின்னச் சின்ன வாக்கியம்.

அதுக்காகப் பசங்களைப் பாராட்டாம இருக்கணும்னு நான் சொல்லலை. பத்து வயசுக் குழந்தைக்கு அது தேவை, நான் தாராளமா சொல்வேன். ஆனா "சூப்பர்"னு மட்டும் சொன்னா எது சூப்பர்னு அதுக்குத் தெரியாது. "இந்தத் தடவை ஷட்டில் வர்றதுக்கு முன்னாடியே கால் போயிடுச்சு பாரு"ன்னு சொன்னா அதுவே பாராட்டு, அதுவே தகவல். நல்லா அடிச்ச அடிக்குப் பின்னாடி சொல்றது முக்கியம். தப்பினதுக்கு மட்டும் வாய் திறக்கிற கோச்கிட்ட பசங்க தப்பைத் தவிர வேற எதையும் கவனிக்கக் கத்துக்க மாட்டாங்க.

---

மடிப்பாக்கம்_கோச்

ரொம்ப நல்லாப் போகுது, எல்லாருக்கும் நன்றி. ரெண்டு விஷயம் இன்னும் கேட்கணும்.

ஒண்ணு, பேசாம இருந்தா பசங்க பயந்துடுறாங்க. "மேம் கோவமா இருக்காங்களா?"ன்னு ஒருத்தி பக்கத்துல இருக்கிறவகிட்ட கேட்கிறா.

ரெண்டு, வீடியோ. செல்போன்ல ஸ்லோ மோஷன் எடுத்துக் காட்டுறேன். ஆசையாப் பார்க்கிறாங்க, ஆனா ஒண்ணும் மாறலை.

---

ஈரோடு_பிசியோ

முதல் கேள்விக்கு ஒரு எளிய வழி இருக்கு. ஒரு எல்லை வெச்சுக்கோங்க. கயிறுக்குக் கீழ போனா நான் பேச மாட்டேன், மேல போனா மட்டும்தான் சொல்வேன்னு அவங்ககிட்ட முதல்லயே சொல்லிடுங்க. அப்போ உங்க மௌனத்துக்கு "சரி"ங்கிற அர்த்தம் வந்துடும். திறமை கூடக்கூடத் தப்பு குறையும், பேச்சும் தானா குறையும். மாஸ்டர் சொன்ன "படிப்படியா"வும் இதுலயே நடந்துடும், தனியா எண்ண வேண்டாம். இன்னொரு நன்மை: சின்னச் சின்ன விலகலுக்கெல்லாம் திருத்தம் சொன்னா குழந்தை ஒவ்வொரு தடவையும் எதையாவது மாத்திட்டே இருக்கும், அசைவு நிலைக்கவே நிலைக்காது.

---

கோவை_ஷட்லர்

வீடியோவுக்கு: பத்து வயசுக் குழந்தை ஸ்லோ மோஷன்ல தன் முடியையும் ஷூவையும்தான் பார்க்கும். எங்க பார்க்கணும்னு நாம சொல்லணும். "ஷட்டில் ராக்கெட்டைத் தொடுற இடத்துல நிறுத்து. இப்போ உன் பின்னங்கால் எங்க இருக்கு?" அவ்வளவுதான். ஒரு கிளிப், ஒரு கேள்வி, உடனே கோர்ட்டுக்குள்ள போயிடணும். காட்டிட்டு வீட்டுக்கு அனுப்பினா பயன் இல்ல.

முடிஞ்சா அவளோட நல்ல அடியையும் சரியில்லாத அடியையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க. சர்வதேச வீராங்கனையோட வீடியோவோட ஒப்பிடுறதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லணும், அது ஃபீட்பேக்குக்கு வெளிய இருக்கிற மாதிரி தெரியும், ஆனா உள்ளதான் இருக்கு. ஒரே சர்வை ஐம்பது தடவை போட வைக்கிறதை விடுங்க. 1986-ல கூட், மகில்னு ரெண்டு பேர் பேட்மிண்டன்லயே சோதிச்சிருக்காங்க. ஷார்ட், லாங், டிரைவ்னு மூணு சர்வ். ஒரு குழு ஒரு நாளைக்கு ஒரே வகையை மட்டும் பழகுச்சு, இன்னொண்ணு மூணையும் கலந்து. பின்னாடி வெச்ச சோதனையில, பழகாத பக்கத்துக் கோர்ட்டிலேர்ந்து போடச் சொன்னப்போவும், கலந்து பழகினவங்கதான் நல்லா செஞ்சாங்க. ஒரே சர்வை வரிசையாப் போட்டா ரெண்டாவதுலேர்ந்து முந்தின சர்வோட திருத்தம்தான் ஓடும், குழந்தை புதுசா எதையும் யோசிக்காது. மேட்ச்ல ஒரு லோ சர்வ், பத்து ஷாட் ரேலி, மூச்சு வாங்கிட்டு மறுபடி சர்வ். அங்க முந்தின சர்வோட ஞாபகம் எங்க இருக்கும்? மேடம் முதல் பதிவுல கேட்டதுக்குப் பாதிக் காரணம் இதுன்னு நினைக்கிறேன்.

எச்சரிக்கை: கலந்து பழகினா அன்னிக்கு ஆட்டம் மோசமாத் தெரியும். கேலரியில உட்கார்ந்திருக்கிற பெற்றவங்களுக்கு அதை முன்னாடியே சொல்லிடுங்க.

---

அம்பத்தூர்_அப்பா

இதை எங்க அகாடமியில ஒருத்தர் சொல்லியிருந்தா, போன மாசம் வீட்டுல ஒரு சண்டையே வந்திருக்காது. பொண்ணுகிட்ட காட்டப் போறேன்.

---

யாழ்_வலைப்பந்து

மேடம், 60 செக்கனுக்கு என்ன சொல்லுறது எண்டு முதல்ல கேட்டனீங்கள், ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. எங்கட ஆட்டம் நாலு பகுதியா நடக்கும், ஒவ்வொரு கால் பகுதி இடைவேளையிலயும் எங்களுக்கும் இதே பிரச்சினை. நான் செய்யுறது: முதல்ல தண்ணி. பிறகு பிள்ளையிட்ட "என்ன காணுறாய்?" எண்டு ஒரு கேள்வி. பிறகு ஒரேயொரு வசனம், அதுவும் எதிராளியைப் பற்றி அல்லது பந்து போக வேண்டிய இடத்தைப் பற்றி. கை, முழங்கை, மணிக்கட்டு எண்ட கதையே மட்ச் நேரம் எடுக்கக் கூடாது. பழக்கத்தில திருத்தாததை இடைவேளையில திருத்த ஏலாது. பிள்ளை தன்ர கையை யோசிச்சுக்கொண்டு உள்ளுக்கை போனால் அந்தக் கால் பகுதி முடிஞ்சுது.

---

மடிப்பாக்கம்_கோச்

யாழ் அக்கா, இதைத்தான் தேடிட்டிருந்தேன். "ரிஸ்ட்"ங்கிற வார்த்தையை மேட்ச் நாற்காலியில இனி எடுக்கலை. "அவ பேக்ஹேண்ட் பக்கமாப் போடு" மாதிரி ஒண்ணு போதும்.

சனிக்கிழமை பெற்றவங்களோட பேசுறேன். இந்த வாரம் கயிறு கட்டி, மூணு சர்வையும் கலந்து, கயிறு ஆடினா மட்டும் பேசுறேன். அடுத்த வாரம் முதல் வேலையா யாரும் பேசாம ஆளுக்குப் பத்து சர்வ். அதை நோட்டுல எழுதி வெச்சு இங்கயே போடுறேன்.

கோவை தம்பி, 9 வயசுப் பசங்களுக்கும் அதே ஒரு சாண்தானா? அவங்க சர்வ் இன்னும் நெட்டையே தாண்டத் திணறுது.

---

கோவை_ஷட்லர்

இல்ல மேடம், அவங்களுக்கு ரெண்டு சாண் விடுங்க. பத்துல ஏழு எட்டு உள்ள போக ஆரம்பிச்சதும் நாலு விரல் இறக்குங்க. நெட்டைத் தாண்டவே திணறினா, ஷார்ட் சர்வீஸ் லைன்லேர்ந்து இன்னும் ஒரு அடி முன்னாடி நிக்க வெச்சு ஆரம்பிச்சு, பின்னாடி கூட்டிட்டு வாங்க. கயிறு எலாஸ்டிக்கா இருக்கட்டும். சணல் கட்டினா ஷட்டில் இறகு பிஞ்சிடும்.